சமஷ்டியில் நமக்குப் பாத்தியதை எது?

மலேசியா ஒரு சமஷ்டி நாடு என்றும், அதிகாரமானது ஒரே இடத்தில் குவிந்து கிடந்தால் பிரஜைகளுக்கு ஆபத்து என்று கருதியே அது கோலாலம்பூருக்கும் 13 மாநிலங்களுக்குமாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கின்றது என்றும், ஆகவே இந்தப் பங்கீடே பிரஜையின் உரிமைக்குக் கோட்டை என்றும் பள்ளிக்கூடத்துப் பாடப் புத்தகம் முதற்கொண்டு சுதந்திரதின மேடைவரையில் சொல்லப்பட்டு வருகின்றது. இதை மறுக்க நாம் வரவில்லை. ஒருவனுக்குப் பயந்து இருவரை வைத்துக்கொள்ளுவது புத்திசாலித்தனமே. ஆனால், அந்த இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டு நிற்பார்களானால் நடுவில் நிற்கிறவன் கதி என்ன என்பதைப்பற்றி இந்த உபந்நியாசகர்கள் வாய் திறப்பதில்லை. அப்படி நடுவில் இத்தனை வருஷ காலமாய் நின்றுகொண்டிருப்பவன் தோட்டத் தமிழன். ஆதலால் அவன் நிற்கும் இடத்திலிருந்து இந்தச் சமஷ்டியைச் சற்று நோக்கலாமென்று எண்ணுகின்றோம்.

நமது அரசியல் நிர்ணயச் சட்டம் 1957-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 31-ந் தேதி அமுலுக்கு வந்தது. அதற்கு நகல் வரைந்த ரீட் பிரபுவின் கமிஷனில் பிரிட்டன், ஆஸ்திரேலியா, இந்தியா, பாகிஸ்தான் ஆகிய தேசங்களின் நிபுணர்கள் இருந்தார்கள். இந்நாட்டில் பிறந்தவர் ஒருவர்கூட இல்லை. மத்திய சர்க்கார் பலமுள்ளதாயிருக்கவேண்டும், மாநிலங்களுக்கும் ஓரளவு சுயாதிகாரம் இருக்கவேண்டும் என்பது அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை. அக்கட்டளைப்படி வகுக்கப்பட்ட பங்கீடு சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் மூன்று ஜாபிதாக்களாக இருக்கின்றது. முதல் ஜாபிதா சமஷ்டி சர்க்காருடையது. பாதுகாப்பு, போலீஸ், பிரஜா உரிமை, கல்வி, வைத்தியம், தொழிலாளர் விஷயம் யாவும் அதில் அடக்கம். இரண்டாவது மாநிலத்தினுடையது. இஸ்லாமியச் சட்டம், நிலம், விவசாயம், காடு, ஸ்தல ஸ்தாபனம் முதலியவை அதில் வருகின்றன. இடுகாடும் சுடுகாடும் அதிலேதான் இருக்கின்றன. அவற்றை அடுத்தாற்போலவே மாடு அடைக்கும் பட்டியும் இருப்பதை வாசகர்கள் பார்த்து மகிழலாம். மூன்றாவது இருவருக்கும் பொதுவானது. வீட்டு வசதியும் சமூக நலமும் அதைச் சேர்ந்தவை.

இந்த மூன்று ஜாபிதாக்களையும் இப்பொழுது ஒரு தோட்டத்து லயத்தின்மேல் விரித்துப் பாருங்கள். தொழிலாளியின் கூலி கோலாலம்பூருக்குச் சேர்ந்த விஷயம். அவன் நிற்கும் மண் மாநில விஷயம். அவன் குடியிருக்கும் வீடு இருவருக்கும் பொதுவான விஷயமென்று சட்டம் சொல்ல, அவ்வீட்டின் சொந்தக்காரனோ இருவருமல்லாத மூன்றாவதான கம்பெனி. அவன் பிள்ளைக்குப் பாடம் சொல்லும் வாத்தியாருக்குச் சம்பளம் கொடுப்பது கோலாலம்பூர். வாத்தியாரின் நாற்காலி கிடக்கும் தரை பல தோட்டங்களில் கம்பெனியுடையது. அந்தத் தரையை வேறு பெயருக்கு மாற்றவேண்டுமானால் மாநில நில இலாகாவிற்குப் போகவேண்டும். அவன் செத்தால் எரிக்கும் இடம் மறுபடியும் மாநில விஷயம். இவ்விதமாக ஒரு மனிதனைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒவ்வோர் ஆபீசில் வைத்துவிட்டு, சட்டத்தின் முன்னே யாவரும் சமம் என்று எட்டாவது ஷரத்திலே எழுதியும் வைத்திருக்கின்றார்கள். பதின்மூன்றாவது ஷரத்து இன்னும் வேடிக்கையானது. தக்க நஷ்டஈடு இன்றி ஒருவன் சொத்தை யாரும் பறிக்கக் கூடாது என்கிறது அது. வாஸ்தவந்தான். நாலு தலைமுறை ஒரே லயத்தில் பிறந்து அதே லயத்தில் மடிந்தாலும் அந்த லயம் அவன் சொத்தாகிவிடாது. ஆகவே அவனிடம் பறிப்பதற்கு ஒன்றும் இல்லை, நஷ்டஈட்டுக்கும் இடமில்லை.

தொழிலாளர் சட்டமாவது கைகொடுக்குமோ என்று பார்த்தால், 1980-ம் வருஷத்து வேலைநீக்க நஷ்டஈட்டு விதிகளின்படி ஐந்து வருஷமும் அதற்கு மேலும் வேலை செய்தவனுக்கு வருஷத்திற்கு 20 நாள் கூலி கொடுக்கவேண்டும். 30 வருஷம் பால் வெட்டியவனுக்கு 600 நாள் கூலி. கணக்கு எழுதிப் பழகிய கை ஆகையால் இதை நாம் சரியாகவே கூட்டியிருக்கின்றோம். அந்த 600 நாள் கூலியில் வீடு என்ற சொல்லே கிடையாது. 1990-ம் வருஷத்துத் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம், முதலாளி கொடுக்கும் வீட்டில் தண்ணீரும் விளக்கும் இன்னின்ன தரத்தில் இருக்கவேண்டும் என்று விதிக்கின்றது. நல்ல சட்டம். ஆயினும் வேலை இருக்கும்வரைதான் அந்த வீடு. உளி கையைவிட்டு இறங்கிய அன்றே அந்தச் சட்டமும் அவனைவிட்டு இறங்கிவிடுகின்றது. இன்று பல லயங்களில் நம்மவர் போய் இந்தோனேசியரும் வங்காள தேசத்தாரும் குடியிருக்கின்றார்கள். பிரஜா உரிமையென்று வாயால் சொல்லிக்கொள்ளவும் வகையற்ற அவர்களது நிலைமை நம் பாட்டன்மார் நிலைமைக்கு எவ்விதத்திலும் மேலானதல்ல என்பதை நம்மவரில் சிலர் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

நிற்க. நாம் ஒரு தோட்டத்து ஆபீசில் கிராணி வேலை பார்ப்பவர். எந்தத் தோட்டம் என்பது இங்கே அவசியமில்லை. பள்ளிக்கூட நிலத்தைப் பள்ளிக்கூடத்திற்கே உரித்தாக்கித் தரவேண்டுமென்று பெற்றோர் சங்கத்தார் கொடுத்த விண்ணப்பங்களை மலாயிலும் இங்கிலீஷிலும் டைப் அடித்துக் கொடுத்தது நாமே. கல்வி இலாகாவிலிருந்து வந்த பதில்: நிலம் மாநில விஷயம். நில இலாகாவிலிருந்து வந்த பதில்: சொந்தக்காரரின் சம்மதம் வேண்டும். சொந்தக்காரராகிய கம்பெனியிலிருந்து வந்த பதில்: சர்க்காரின் முடிவு தெரிந்தபின் யோசிக்கலாம். மூன்று பதில்களும் சட்டப்படி சரியானவை; மரியாதையாகவும் எழுதப்பட்டவை. ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவரும் "முடியாது" என்றுகூடச் சொல்லவில்லை. கொடுங்கோலன் ஒருவன் இருந்து "மாட்டேன்" என்று சொல்லியிருந்தால் அவன்மேல் நாம் கோபமாவது கொண்டிருக்கலாம். இங்கே கோபத்திற்கும் ஆளில்லை. 1957-ல் 800-க்கு மேலிருந்த தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் இன்று 500 சொச்சமாகிவிட்டதற்குத் தோட்டங்கள் துண்டாடப்பட்டதும் ஜனங்கள் பட்டணம் சென்றதும் காரணங்கள்தாம். ஆனால் அப்பள்ளிக்கூடங்கள் தமக்கென்று ஒரு கிராண்டு இல்லாமல் நின்றதனால்தான், ஜனங்கள் போன இடத்திற்குக் கூடப்போக இயலாமல் பல பள்ளிகள் நின்ற இடத்திலேயே மாண்டன என்று நாம் சொல்லுகின்றோம்.

மலாக்காவிற்கு இதில் தனியான சம்பந்தம் உண்டு. மலாயாவில் ரப்பரை வியாபாரப் பயிராக முதன்முதல் நட்ட இடம் நமது புக்கிட் லிந்தாங், நட்டவர் டான் சாய் யான், வருஷம் 1896. அவரே பின்னர் புக்கிட் ஆசஹானில் பெருந்தோட்டம் போட்டார். அந்த ஆசஹான் தோட்டத்துத் தொழிலாளர்கள் 1967-ல் நியாயங்கேட்டுக் கோலாலம்பூருக்குக் கால்நடையாகவே சென்றார்கள். மலாக்காப் பட்டணம் பக்கத்தில் இருக்க அவர்கள் ஏன் அத்தனை தூரம் நடந்தார்கள்? ஒன்பதாவது அட்டவணையை அவர்கள் படித்திருக்க நியாயமில்லை. ஆனால் கூலிப் பேச்சுக்கு வாசல் எங்கேயிருக்கின்றது என்பது அவர்கள் கால்களுக்குத் தெரிந்திருந்தது. நிலப் பேச்சுக்கு வாசல் எங்கேயென்பது நமக்கு இன்றளவும் தெரியவில்லை. அதைத்தான் இந்த வியாசத்தில் சொல்ல வருகின்றோம்.

தோட்டம் ரப்பராகவோ செம்பனையாகவோ இருக்கும்வரையில் அதன் நிலம் "விவசாயம்" என்ற வகையைச் சேர்ந்திருக்கும். அதில் தாமான் வீடுகள் எழும்பவேண்டுமானால் அவ்வகை "கட்டடம்" என்று மாறியாகவேண்டும். தேசிய நிலச் சட்டம் 124-வது பிரிவின்படி அம்மாற்றத்தைச் செய்யும் அதிகாரம் மாநிலத்தினுடையது. அதற்காகப் பிரீமியம் பெறுவது மாநிலப் பொக்கிஷம். இன்ன நிபந்தனைக்கு உட்பட்டுத்தான் மாற்றித் தருவோம் என்று சொல்லவும் சட்டம் இடங்கொடுக்கின்றது. ஆக, முதலாளியின் பேனாவுக்கு மாநிலத்தின் பேனா அவசியமாக வேண்டியிருக்கும் ஒருநாள் ஒவ்வொரு தோட்டத்தின் சரித்திரத்திலும் வந்தே தீருகின்றது. அந்த ஒருநாளில், லயத்திலிருப்பவர்களுக்கு இத்தனை மனை, பள்ளிக்கூடத்திற்கு இத்தனை ஏக்கர், சுடுகாட்டிற்கு இவ்வளவு, அவரவர் பெயரில் கிராண்டு என்று நாலு வரி எழுதிவிட்டால், ஐம்பது வருஷ மகஜர்கள் செய்யாத காரியம் நிறைவேறிவிடும். அந்த நாலு வரியை எழுதாமல், பிரீமியத்தை மட்டும் எண்ணி வாங்கிக்கொண்டு, "தொழிலாளர் விஷயம் சமஷ்டி சர்க்காருடையது" என்று சொல்லுகிற மாநிலத்தை நாம் என்னென்று அழைப்பது? நிலம் நம்முடைய அதிகாரம் என்று பெருமை பேசும்பொழுது இருக்கும் அதிகாரம், அந்த நிலத்தில் நிற்கும் மனிதனைக் கண்டவுடன் எங்கே ஓடிப்போகின்றது?

நிலம் இல்லை என்பார்கள். அப்படிச் சொல்லுகிறவர்களை நாம் குடியிருக்கும் கிளேபாங்கிற்கு ஒருமுறை வந்துபோகும்படி அழைக்கின்றோம். இங்கே கடலைத் தூர்த்து, முன்னே அலையடித்த இடத்தில் மைதானம் மைதானமாக மணல்வெளி உண்டாக்கப்பட்டிருக்கின்றது. ஓய்வு நாட்களில் ஜனங்கள் கார் கார் ஆக வந்து அதில் உலாவிப் போகின்றார்கள். இப்படித் தூர்த்தெடுக்கும் நிலத்தின்மீது அதிகாரம் மாநிலத்திற்கே. கடலிலிருந்து மண்ணைப் பிறப்பிக்க வல்ல சர்க்காருக்கு, மண்ணிலேயே இருக்கின்ற ஒரு தோட்டத்தில் மூன்று ஏக்கர் அகப்படவில்லை என்றால் அதைச் சிறுபிள்ளையும் நம்பாது.

பினாங்கில் கம்போங் புவா பாலாவில் நடந்தது யாவருக்கும் நினைவிருக்கும். பழைய தோட்டத்துத் தொழிலாளர்களின் சந்ததியார் மாடு வைத்துப் பால் விற்றுத் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த கிராமம் அது. அந்நிலத்தை மாநிலத்தார் சர்க்கார் உத்தியோகஸ்தர்களின் கூட்டுறவுச் சங்கமொன்றுக்குக் கொடுத்தார்கள். கிராமத்தார் கோர்ட்டு ஏறி இறங்கித் தோற்றார்கள். 2009-ல் வீடுகள் இடிக்கப்பட்டன. அக்காலத்தில் மாநிலத்தில் ஒரு கட்சியும் கோலாலம்பூரில் அதற்கு எதிரான கட்சியும் ஆட்சியிலிருந்தபடியால், மாநிலத்தார் பழைய மாநில ஆட்சியைக் குற்றஞ்சொல்ல, கோலாலம்பூரார் புதிய மாநில ஆட்சியைக் குற்றஞ்சொல்ல, பத்திரிகைகளுக்கு நல்ல வேட்டை. பதில் வீடு தருவதாக முடிவில் ஓர் ஏற்பாடு ஆயிற்று. அது உரிமையாக வந்ததல்ல. கூச்சல் அடங்குவதற்காக வந்தது.

அப்படியானால் எல்லா அதிகாரத்தையும் கோலாலம்பூருக்கே கொடுத்துவிட்டால் தொல்லை தீருமே என்று நம்மவரில் படித்த சிலர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். கோலாலம்பூரின் முழு அதிகாரத்தில் இருக்கும் விஷயம் பிரஜா உரிமை. அதில் நாம் கண்ட சுகம் என்ன? 1948-ம் வருஷம் பிப்ரவரி முதல் தேதி மலாயா சமஷ்டி ஏற்பட்டபோது, மலாக்காவிலும் பினாங்கிலும் பிறந்து இந்நாட்டிலேயே நிலைத்துவிட்ட பிரிட்டிஷ் பிரஜைகள் தாமாகவே சமஷ்டிப் பிரஜைகளானார்கள். எல்லைக்கு அப்பால் நெகிரி செம்பிலான் தோட்டத்தில் பிறந்த தமிழனுக்கோ அவன் தகப்பன் எங்கே பிறந்தான், எத்தனை வருஷம் குடியிருந்தான் என்ற விசாரணை. இந்தப் பக்கத்து லயத்தில் பிள்ளை பெற்றால் பிரஜை. எல்லைக் கல்லைத் தாண்டிப் போய்ப் பெற்றால் சந்தேகப் பேர்வழி. இதை வகுத்தது மாநிலமல்ல. பிறகு 1968-ம் வருஷத்து வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், பிரஜா உரிமைப் பத்திரம் எடுக்காமலிருந்தவர்கள் வேலைக்குப் பெர்மிட்டு எடுக்கவேண்டுமென்று வந்து, பல்லாயிரவர் பிறந்து வளர்ந்த தோட்டத்தை விட்டுக் கப்பலேறினார்கள். அதைச் செய்ததும் மாநிலமல்ல. 2024-ம் வருஷம் அக்டோபரில் பார்லிமெண்டு நிறைவேற்றிய திருத்தம், அந்நிய நாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்கு வழி திறந்தது, அதை வரவேற்கின்றோம். அதே கையால், சிவப்புக் கார்டுடன் நிரந்தரவாசியாயிருப்பவரின் பிள்ளை இந்நாட்டில் பிறந்ததைக்கொண்டே பிரஜையாகும் வழியை அடைத்தது. சிவப்புக் கார்டு யாரிடம் இருக்கின்றதென்று தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

ஸ்தல ஸ்தாபன விஷயமோ இதைவிட மோசம். அது மாநில ஜாபிதாவில் தெளிவாக இருப்பது. நகரசபைக்கு ஜனங்கள் வோட்டுப் போட்டு ஆட்களை அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. இந்தோனேசியாவுடன் இருந்த தகராறைக் காரணமாகக் காட்டி 1965-ல் அத்தேர்தல்களை நிறுத்தினார்கள். தகராறு மறு வருஷமே ஓய்ந்துவிட்டது, தேர்தல் திரும்பவில்லை. ஸ்தல ஸ்தாபனங்களை ஆராய ஏற்பட்ட ராயல் கமிஷனுக்குத் தலைமை வகித்தவர் ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். தேர்ந்தெடுக்கப்பட்ட சபைகளே வேண்டுமென்று அந்தக் கமிஷன் சிபார்சு செய்தது. சிபார்சு அலமாரிக்குச் சென்றது. 1976-ம் வருஷத்துச் சட்டத்தால் தேர்தல் அடியோடு எடுக்கப்பட்டது. பினாங்கு மாநிலம் 2012-ல் தானே ஒரு சட்டம் செய்து தேர்தலைத் திருப்பிக்கொண்டுவரப் பார்க்க, அதற்கு மாநிலத்திற்கு அதிகாரமில்லையென்று 2014-ல் சமஷ்டிக் கோர்ட்டு தீர்ப்பளித்தது. மாநில ஜாபிதாவில் இருக்கும் விஷயத்தில் மாநிலத்திற்கு அதிகாரமில்லை! அதாவது, ஜனங்களுக்கு ஒன்றைக் கொடுக்க நினைக்கும்போது மாநிலத்தின் கை கட்டப்பட்டிருக்கின்றது. ஜனங்களை நிலத்தைவிட்டு எழுப்பும்போது அதே கை தாராளமாக நீள்கின்றது.

மாநில சுயாட்சி ஒன்றே மருந்து என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாம் சுதந்திரக் கொடி ஏற்றிய அதே 1957-ல், அடுத்த மாதமே, அமெரிக்காவில் லிட்டில் ராக் என்னும் ஊரில் ஒன்பது கறுப்புப் பிள்ளைகள் வெள்ளைப் பள்ளிக்கூடத்தில் நுழைவதற்கு ராணுவம் தேவைப்பட்டது. அவர்களைத் தடுத்த கவர்னர் பேசியது மாநில அதிகாரத்தைப்பற்றியே. ராணுவத்தை அனுப்பியது சமஷ்டி சர்க்கார். ஆகவே சிறிய சர்க்கார் என்றால் நல்ல சர்க்கார் என்று முடிவு கட்டுவதற்கில்லை.

இலங்கையைப் பார்த்தால் நமக்கு இன்னும் கிட்டிய பாடம் இருக்கின்றது. 1948-ம் வருஷத்து 18-வது நெம்பர் பிரஜா உரிமைச் சட்டம் மலைநாட்டுத் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அது விஷயமாகத் தம் கட்சியோடு மாறுபட்டு வெளியேறிய செல்வநாயகமும் அவர் தோழர்களும் 1949 டிசம்பரில் சமஷ்டி ஆட்சியே கொள்கையாகத் தமிழரசுக் கட்சியை அமைத்தார்கள். தோட்டத்தான் பட்ட அடியிலிருந்து பிறந்தது அந்தச் சமஷ்டிக் கோரிக்கை. பிறகு அக்கோரிக்கை வடக்கு கிழக்கு என்ற பூமியைச் சுற்றியே வளர்ந்தது. தனக்கென்று பூமியில்லாத தோட்டத்தான் அதில் எங்கேயிருந்தான்? 1987-ல் அங்கே பிரதேச சபைகளுக்குச் சட்டம் செய்தபோது, அச்சபைகள் தோட்டத்திற்குள் பணம் செலவிட முடியாதபடி ஒரு பிரிவு அதிலே இருந்தது. தோட்டத்தான் வோட்டுப் போடலாம், சபையில் அங்கத்தினனாகவும் உட்காரலாம். தன் லயத்துப் பாதையில் ஒரு குழியை மூடச் சபைப் பணத்தைத் தொடக்கூடாது. இதைத் திருத்த 2018 வரை செல்லவேண்டியிருந்தது. நமது நாட்டிலும் தோட்டம் தனியார் நிலம் என்று சொல்லியே கிராம அபிவிருத்தித் திட்டங்களின் பாதையும் தண்ணீர்க் குழாயும் வெகுகாலம் தோட்டத்து வேலியோரம் நின்றுவிட்டன. வேலிக்கு வெளியே இருப்பவன் கிராமவாசி, உள்ளே இருப்பவன் கம்பெனியின் ஆள் என்பதாக.

இவ்வளவுக்கும் நமது தலைவர்கள் செய்தது என்ன? தேர்தலுக்குத் தேர்தல் மந்திரியை அழைத்து மாலை போட்டு மகஜர் வாசித்தார்கள். கல்வி மந்திரி வந்தால் நிலம் கேட்டார்கள். மாநில முதன்மந்திரி வந்தால் வாத்தியார் கேட்டார்கள்! இருவரும் சந்தோஷமாகத் தலையசைத்துப் போனார்கள், இரண்டும் தத்தமக்குச் சம்பந்தமில்லாத விஷயங்களானபடியால். எது யாருடைய அதிகாரமென்று தெரிந்துகொள்ளாமல் கேட்பவனுக்கு வாக்குறுதி கொடுப்பதைப்போல் மலிவான காரியம் வேறொன்றுமில்லை. சர்க்கார் மான்யத்தில் பள்ளிக்கு மாடி கட்டித் திறப்புவிழா நடத்திய கனவான்களில் எத்தனை பேர் அந்த மாடிக்குக் கீழேயிருக்கும் தரை யாருடையதென்று விசாரித்தார்கள்? கோவிலுக்குக் கோபுரம் எழுப்பி லட்சம் லட்சமாகச் செலவிடுகின்றோம். கோபுரம் வேண்டுமா வேண்டாமா என்பது இருக்கட்டும், அதன் அஸ்திவாரத்திற்கு ஒரு கிராண்டு உண்டா என்று கேட்பவனை விக்கினக்காரன் என்கின்றோம். பிறகு ஒருநாள் நோட்டீஸ் ஒட்டப்படுகின்றது. அன்றுதான் நமக்கு ரோஷம் பிறக்கின்றது.

ஆகையினால் மலாக்காத் தமிழர்கள் கேட்கவேண்டியது ஜாபிதாக்களை மாற்றி எழுதும்படி அல்ல. அதற்கு பார்லிமெண்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், நம்மிடம் அது கிடையாது. இருக்கும் ஜாபிதாவைக்கொண்டே மாநிலம் இன்று செய்யக்கூடியதைச் செய்யும்படி கேட்கவேண்டும். தோட்ட நிலத்தின் வகையை மாற்றும் ஒவ்வொரு உத்தரவிலும் குடியிருப்பு மனைக்கும் பள்ளிக்கூடத்திற்கும் சுடுகாட்டிற்கும் நிபந்தனை எழுதப்படவேண்டும் என்பதை மாநிலச் சட்டசபையில் ஒரு தீர்மானமாகக் கொண்டுவரச் சொல்லவேண்டும். அத்தீர்மானத்திற்கு ஒப்பாத அபேட்சகருக்கு, அவர் எந்தக் கட்சியாயினும், தமிழராயினும், நமது வோட்டு இல்லையென்று சொல்லவேண்டும். கோலாலம்பூரில் கேட்கவேண்டியது வேறு: நகரசபைத் தேர்தலைத் திருப்பிக் கொடு என்பது. குப்பைத்தொட்டிக்கும் சாக்கடைக்கும் பொறுப்பானவனை ஜனங்கள் வோட்டால் நீக்க முடியாத நாட்டில் அதிகாரப் பங்கீடு என்பது உத்தியோகஸ்தர்களுக்குள் நடக்கும் பங்கீடேயன்றி நமக்கு அதில் பங்கில்லை.

இதற்கு முன்னதாகச் செய்யவேண்டிய சிறு வேலையொன்று இருக்கின்றது. அதற்கு யாருடைய தயவும் வேண்டாம். அலோர் காஜா, ஜாசின், மலாக்கா தெங்ஙா ஆகிய மூன்று ஜில்லாக்களின் நில ஆபீசுகளிலும், சிறு கட்டணம் செலுத்தினால் எந்த நிலத்தின் பதிவையும் யாரும் தேடிப் பார்க்கலாம். ஒவ்வொரு தோட்டத்திலும் ஓர் இளைஞன் ஒரு காலை வேளையைச் செலவிட்டு, தன் ஊர்ப் பள்ளிக்கூடமும் சுடுகாடும் யார் பெயரில் பதிவாகியிருக்கின்றன, எந்த வகையில் பதிவாகியிருக்கின்றன என்பதை எழுதிக்கொண்டு வரட்டும். பார்த்தவர்கள் இப்பத்திரிகைக்கு எழுதினால், பத்திராதிபர் அவற்றைத் தோட்டவாரியாக இந்தப் பகுதியிலேயே வெளியிட இடங்கொடுப்பாரென்று நம்புகின்றோம்.